பெயர் கேட்கும் ஆட்டம்

திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழும், ஒவ்வொரு எழுத்துக்கும் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அறைக்குள் அம்மாவின் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தாலும், கீழே தெருவில் பஸ் உறுமிக்கொண்டு நின்றாலும், அந்தச் சத்தம் மட்டும் என் காதுக்குத் தனியாகக் கேட்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஓடி முடிந்ததும் மூலையில் ஒரு முக்கோணம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும், பொத்தானை அமத்தினால்தான் அடுத்த வரி வரும். "வழிப்போக்கனே, உன் பெயர் என்ன?" என்பதுதான் அந்த ஆட்டம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அப்போது பத்து வயது. யாராவது பெயர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் வளர்த்திருந்தார்கள், ஆகவே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நாங்கள் இருந்தது மொன்றியல் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில். ஜூலை முதலாம் திகதி என்றால் மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். கொண்டுபோக மனமில்லாததை எல்லாம் நடைபாதையில் விட்டுவிட்டுப் போவார்கள். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பா, அன்று வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கதிரையையும் ஒரு மேசை விளக்கையும் ஒரு கேம் பெட்டியையும் இரண்டு நடையாகக் கொண்டுவந்து சேர்த்தார். கதிரை ஆடியது, விளக்கு எரியவில்லை, கேம் பெட்டி மட்டும் வேலை செய்தது. அதற்குள் செருகியபடியே ஒரு கேம் இருந்தது. ஜப்பானில் செய்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றியது. பெயர் எழுத ஐந்து எழுத்துக்குத்தான் அதில் இடம். சுகந்தினி என்ற என் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால் பாதியில் இடம் முடிந்து, "சுகன்" என்று யாரோ ஒரு பெடியன் வந்து நின்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. என் அண்ணையின் பெயர் குகன், ஆங்கிலத்தில் சரியாக ஐந்து எழுத்து. எழுதி அமத்திவிட்டேன். அமத்திய பிறகுதான் அந்தப் பெயரை எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

அண்ணைக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா, அம்மா, நான் மூவரும் முதலில் வந்துவிட்டோம். அவரைக் கூப்பிடுவதற்குப் போட்ட கடுதாசிகள் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த வயதுப் பெடியனை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது என்று அப்பா, களவாக ஆள் அனுப்புகிற ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்தார். யாரோ ஒருவரின் பாஸ்போட்டில், யாரோ ஒருவரின் பெயரில் அண்ணை கொழும்பிலிருந்து புறப்பட்டார். அன்றோடு எங்கள் வீட்டில் குகன் என்ற பெயர் நின்றுபோனது. தொலைபேசியில் அவர் வெறும் "சாமான்". "சாமான் பாங்கொக்கில நிக்குது", "சாமானுக்குக் காய்ச்சலாம்", "சாமான் இந்தக் கிழமை ஏறும்" என்று அப்பா குரலைத் தாழ்த்திக் கதைப்பார். அம்மா என் தாடையைப் பிடித்து நிமிர்த்திச் சொன்னார்: "பயணத்தில நிக்கிற பிள்ளையின்ர பேரை வாயால எடுக்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில ஆர் கேட்டாலும் எனக்கு அண்ணை இல்லை எண்டு சொல்லு." நான் அப்படியே சொன்னேன். குடும்பப் படம் கீறச் சொன்ன ஆசிரியைக்கு மூன்று பேரைக் கீறிக் கொடுத்தேன், பிறகு, இனி அண்ணைக்கு ஏதாவது நடந்தால் அது இந்தப் படத்தால்தான் என்று பயந்து, இடைவேளையில் அதைத் திருடி நாலாக மடித்துச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

கட்டடத்தில் என் வயதுக்கு இரண்டு பெடியன்கள் இருந்தார்கள். கீழ்மாடியில் ரயன், அவனுடைய தாய் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் படிப்பிக்கவென்று அமெரிக்காவிலிருந்து வந்தவர். நடுமாடியில் கென்ட்டா; தகப்பனின் ஆராய்ச்சி வேலைக்காக மூன்று வருடத்துக்கென்று ஜப்பானிலிருந்து வந்த குடும்பம். ரயன் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அவன் ஆடிய அமெரிக்கக் கேமில் ஆள் என்று ஒருவன் கண்ணுக்குத் தெரியவே மாட்டான். திரையின் அடியில் துப்பாக்கியின் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், எதிரே வருவதையெல்லாம் சுட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். அது யாரிடமும் பெயர் கேட்காது. திரை சிவந்ததும் ரயன் "நான் செத்துப்போனேன்!" என்று கைகொட்டிச் சிரிப்பான், அடுத்த நொடியே திரும்ப ஓடிக்கொண்டிருப்பான். என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா ஒருநாள் வாசலில் நின்று அந்தச் சூட்டுச் சத்தத்தைக் கேட்டார். "உப்பிடியே வெடிக்கிறது? தகரத்தில தட்டின மாதிரியெல்லோ கிடக்கு," என்று சொல்லிவிட்டு என் சப்பாத்தைத் தேடத் தொடங்கினார். துவக்குச் சத்தம் அம்மாவைப் பயப்படுத்தவில்லை.

கென்ட்டா எங்கள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்து பார்ப்பான். அவனுடைய ஊரிலும் அந்தக் கேமை எல்லாப் பிள்ளைகளும் ஆடினார்களாம். ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் அங்கே இருக்கிற ஒவ்வொருவரிடமும் கதைக்க வேண்டும், சிலரிடம் இரண்டுதரம் கதைக்க வேண்டும், கிணற்றடியில் நிற்கிற கிழவரையும் விடக்கூடாது என்று சொல்லித்தந்தவன் அவன்தான். ரயனுக்கு இதெல்லாம் பொறுக்காது. முக்கோணம் கண் சிமிட்ட முன்னரே பொத்தானைக் குத்திக் குத்திக் கதையைத் தள்ளிவிடுவான், இவர்கள் ஏன் இவ்வளவு கதைக்கிறார்கள், சண்டை எங்கே என்று கேட்பான். திரையில் நடக்கிற அந்தப் பெருவிரல் அளவு மனிதனை ரயன் "நான்" என்பான், எனக்கு ஏன் நல்ல வாள் இல்லை என்று கோபிப்பான். கென்ட்டா "அவன்" என்பான். அவன் களைத்துவிட்டான், சத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ, சாப்பிட்டு நித்திரை கொள்ளட்டும் என்பான்.

இன்று நான் இதே நகரத்தில் கேம் செய்கிற நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். புதுக் கேம் வெளிவர முன்னர் ஆடிப் பார்க்க வருகிறவர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக் குறிப்பெடுப்பது என் வேலை. ஜப்பான்காரருக்கு இது பிடிக்கும், அமெரிக்கருக்கு அது பிடிக்கும் என்று கூட்டங்களில் மேலதிகாரிகள் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பெடியன்களும்தான் முன்னால் வந்து நிற்பார்கள். ரயனுக்குத் தானே உள்ளே இறங்க வேண்டும், தன் கையால்தான் எல்லாம் நடக்க வேண்டும். கென்ட்டாவுக்குப் பார்த்துக்கொள்வதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் மெல்ல மெல்லப் பலம் பெறுவதைக் கூட இருந்து பார்க்க வேண்டும். இரண்டு பெடியன்களை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டை அளக்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். அதே கென்ட்டா ரயனின் கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து வெறிபிடித்தவன் மாதிரிச் சுட்டுத் தள்ளியதை நானும் பார்த்தவள்தான். ஆனால் அந்த வருடம் இந்த வித்தியாசம் எனக்கு விளையாட்டாக இருக்கவில்லை.

ஓகஸ்டில் அண்ணையின் கடைசி அழைப்பு வந்தது. மேற்கு ஆபிரிக்காவில், அப்பாவுக்குச் சரியாக உச்சரிக்க வராத ஓர் ஊரிலிருந்து. நாளைக்கு ஏறுகிறேன் என்று சொன்னாராம், அதற்குள் இணைப்பு வெட்டுப்பட்டுவிட்டது. பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. அப்பா டெப்பனேர் என்கிற தெருமூலைக் கடையில் தொலைபேசிக் காட் ஒன்றை வாங்கிவந்து ஏஜென்சிக்காரன் கொடுத்த இலக்கத்துக்கு அடிப்பார். ஒரு பெண் குரல் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடும். வீட்டில் பிரெஞ்சு விளங்குகிறது எனக்கு மட்டும்தான், ஆகவே ரிசீவரை என் காதில் வைப்பார்கள். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று அந்தக் குரல் சொன்னது. நான் சொன்னதும் அப்பா, "நீ வடிவாக் கேட்டனியோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப அடித்தார். திரும்பவும் என் காதில் வைத்தார். ஒரே வசனத்தை அந்தக் கிழமை எத்தனைதரம் மொழிபெயர்த்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருதரமும் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, இது என்னால் வந்தது என்று. பெயரை எடுக்கவேண்டாம் என்று சொல்லியும் எடுத்தேன், எடுத்தது மட்டுமில்லை, எழுதியும் வைத்தேன். கேமில் அந்தக் குகன் அப்போது ஒரு மலையடியில், உயிர் கொஞ்சமே மிச்சமிருக்க நின்றுகொண்டிருந்தான். பெயரை அழிக்கலாம், ஆனால் அழிக்கப் போனால் "குகனை நிச்சயமாக அழிக்கவா?" என்று அது திருப்பிக் கேட்டது, அந்தக் கேள்விக்கு ஆம் என்று அமத்த என்னால் முடியவில்லை. ஆகவே அவனை அடிமேல் அடிவைத்துக் கிராமத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்து சத்திரத்தில் படுக்கவைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைப் போடுவேன், பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன், சத்திரத்தில் அவனுக்குச் சாப்பாடும் நித்திரையும் வாங்கிக்கொடுப்பேன், நிற்பாட்டுவேன். கென்ட்டாவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. அவசரப்படாதே, பலம் வரட்டும் என்றான்.

ஒக்டோபரில் ஒருநாள் பின்னேரம் ரயன் மேலே வந்தான். நான் மூன்றாம்தரமாகச் சத்திரத்துக்குப் போவதைப் பார்த்து அவனுக்குச் சலித்துப்போனது. "குடு, நான் காட்டுறேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே கன்ட்ரோலரைப் பிடுங்கினான். நான் இழுத்தேன், அவன் பலமானவன். மலைக்குள் நேராக ஓடினான், கதைக்க வந்தவர்களையெல்லாம் தள்ளிவிட்டான், இருட்டுக்குள் இருந்து ஏதோ வந்து இரண்டே அடியில் முடித்துவிட்டது. இசை நின்றது. கறுப்புத் திரையில் எழுத்துகள் விழத் தொடங்கின. டிக், டிக், டிக். "குகன் இறந்துவிட்டான்." ரயன், "பரவாயில்லை, திரும்பத் தொடங்கலாம்," என்றான். நான் கத்திய கத்தலில் அம்மாவின் தையல் மெசின் நின்றது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து எழுத்தும் தெரியும், அண்ணையைக் கூப்பிடும் கடுதாசிகளில் எத்தனையோதரம் தன் கையால் பார்த்து எழுதிய எழுத்துகள் அவை. கதவடியில் நின்று திரையைப் பார்த்தவரின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ரயன் நழுவிவிட்டான். அம்மா கிட்ட வந்து என் மேற்கையைப் பிடித்தார், நகம் பதிந்தது.

"ஆர் எழுதினது?"

"நான்தான் அம்மா."

அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. "பக்கத்தில என்ன எழுதியிருக்கு? வாசி," என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. என் தாய் என்னைக் கண்டு பயந்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணை வந்து சேந்திட்டார் எண்டு எழுதியிருக்கு."

அம்மா என் கையை விட்டார். குகன் இறந்துவிட்டான் என்ற வசனத்தை என் அம்மா கண்ணில் தண்ணீர் முட்டப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தினார். பல்லி சொன்னால் நின்று கேட்கிறவர், வெளியே புறப்படும்போது யாராவது ஒரு நல்ல சொல் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு போகிறவர். பிள்ளையின் பெயரோடு ஒரு நல்ல வாக்கு வந்திருக்கிறது, அதை விடுவாரா? "அப்பாவுக்குச் சொல்லாதை, அந்தாள் பெட்டியைத் தூக்கி எறிஞ்சு போடும்," என்றார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னர் அம்மா கேட்டார், "போட்டுப் பார் பிள்ளை, இண்டைக்கு என்ன சொல்லுது?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டார். செத்தவனைக் கேம் பழைய இடத்திலிருந்து திரும்ப எழுப்பிவிட்டிருந்தது. ஆனால் இனி ஒருதரம் அந்த வசனம் அம்மாவுக்கு முன்னால் வந்தால், நான் இன்னொருதரம் அதே பொய்யைச் சொல்ல வேண்டும், சொல்லும்போது என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கென்ட்டா சொன்ன மாதிரியே ஆடினேன், அவனே சலிக்கிற அளவுக்கு. சண்டை வரும் பக்கமே போகவில்லை. கிராமம் கிராமமாகப் போனேன், எல்லாரிடமும் கதைத்தேன், அவர்கள் சொன்னதை அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா தைத்து முடித்த காற்சட்டைகளை மடியில் வைத்து நூல் வெட்டிக்கொண்டே கேட்பார். கிழவர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார் என்றால், "நல்லா இருக்கட்டும்," என்பார். சத்திரத்துக்குப் போனால், "சாப்பிட்டவனோ? என்ன சாப்பாடாம்?" என்று கேட்பார். அதில் என்ன சாப்பாடு என்று எழுதியிருக்காது, நான் சோறும் மீன்குழம்பும் என்று சொல்லிவிடுவேன். ரயனின் கேமை எங்கள் வீட்டில் போட்டிருந்தால் அம்மாவுக்கு அதில் கேட்பதற்கு ஒன்றுமே இருந்திராது என்று இன்று தோன்றுகிறது. இதில் ஒரு பிள்ளை தனியாக நடந்துகொண்டிருந்தது, வழியில் ஆட்கள் அதனிடம் கதைத்தார்கள், அது நித்திரை கொண்டது.

படுக்கைக்குப் போனால் எனக்கு ஒரே யோசனைதான். அண்ணை எங்கேயாவது உண்மையாகவே செத்துக் கிடந்தால்? அம்மாவுக்கு அது எழுத்திலேயே வந்தது, நான்தான் மாற்றி வாசித்தேன். அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு அருகில் இன்று போய் இருக்க முடியுமென்றால், இதெல்லாம் உன்னால் நடக்கவில்லை என்று சொல்லுவேன். அவள் நம்பமாட்டாள்.

முதல் பனி கொட்டிய கிழமை தொலைபேசி அடித்தது. அண்ணைதான். ஏறப்போன இடத்தில் பிடிபட்டு, இத்தனை நாளும் அந்த ஊர்ச் சிறையில் மறியலில் இருந்தாராம், இப்போதுதான் விட்டார்களாம். அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "சாமான்... சாமான்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார், அம்மா அதைப் பறித்து, இத்தனை மாதத்தில் முதல்தரமாக, அடித்தொண்டையால் "குகன்!" என்று கூப்பிட்டார். மாசி மாதத்தில் அண்ணை மொன்றியல் விமான நிலையத்தில் இறங்கி, தன் சொந்தப் பெயரைச் சொல்லி அகதியாகப் பதிந்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா அவரைப் பெட்டிக்கு முன்னால் இருத்தினார். "உதுதான் எங்களுக்கு நீ வந்து சேருவாய் எண்டு சொன்னது. காட்டு பிள்ளை." அண்ணைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். திரையின் மேலே அவருடைய பெயர், கீழே கிணற்றடிக் கிழவர் காலநிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை அந்த ஐந்து எழுத்தையும் வெகுநேரம் பார்த்தார். என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓம் அம்மா, சரியாத்தான் எழுதியிருக்கு," என்றார்.

இன்று அந்தக் கட்டடத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. கென்ட்டா மூன்று வருடம் முடிய ஜப்பானுக்குப் போனான், ரயனின் தாய்க்கு வேறு கல்லூரி கிடைத்தது, அப்பாவும் காலமாகிவிட்டார். சுரண்டி இலக்கம் பார்க்கிற தொலைபேசிக் காட் ஒன்றை இப்போதைய பிள்ளைகளுக்குக் காட்டினால் என்னவென்று கேட்பார்கள். கேம்களும் மாறிவிட்டன. என் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜப்பான் பெடியனும் அமெரிக்கப் பெடியனும் இப்போது ஒரே கேமைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆடுகிறார்கள், அவர்களைப் பிரித்துச் சொல்லச் சொன்னால் நான் தடுமாறுவேன். எழுத்து விழும் சத்தம் இல்லை. கதாநாயகர்கள் சொந்தப் பெயரோடும் சொந்தக் குரலோடும் வருகிறார்கள், பெட்டியைப் போடும்போதே அதற்கு எங்கள் பெயர் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்பதில்லை.

அம்மா இப்போது அண்ணையின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் வீட்டில் இருக்கிறார். போன மாரியில் அந்த வீட்டு வாசலில் அண்ணையோடு பனி தள்ளிக்கொண்டு நின்றபோது அவரிடம் சொல்லிவிட்டேன். அந்த நாளில் திரையில் உண்மையாக என்ன எழுதியிருந்தது, நான் என்ன வாசித்தேன், இத்தனை வருடமும் எதை நினைத்துப் பயந்தேன், எல்லாவற்றையும். அண்ணை மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறியலுக்குள்ள எனக்குச் சாவுகூடப் பெரிய பயமில்லை," என்றார். "செத்தா அந்தப் பாஸ்போட்டில இருக்கிற பேரிலதானே தாட்டுப் புதைச்சிருப்பாங்கள். சேதி தெரியாமல் அம்மா சாகும்வரைக்கும் தொலைபேசிக்குப் பக்கத்திலயே இருந்திருப்பா. அதுதான் பயம். உன்ர பெட்டியிலயாவது நான் என்ர சொந்தப் பேரில செத்திருக்கிறன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா கதவைத் திறந்து, இந்தக் குளிருக்குள் நின்று என்ன கதை என்று கேட்டார். ஒன்றுமில்லை அம்மா என்று இரண்டு பேரும் சொன்னோம்.